காதுக்கு இமை இல்லை

1989ஆம் ஆண்டு வைகாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். பேர்ண் மாநிலத்தில் ஒரு மலையடிக் கிராமம். அகதிகளை வைத்திருந்தது ஒரு பழைய விடுதியில். நாங்கள் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து பசுக்களின் கழுத்துமணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மணியளவில் அதற்கு மேலால் வெடி கேட்டது. முதலில் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஐந்தாறு சேர்ந்தாற்போல. ஒருவரும் ஒருவருக்கும் எதுவும் சொல்லவில்லை. அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் நிலத்தில் விழுந்துவிட்டோம்.

விடுதியைப் பார்த்துக்கொண்ட பெண்மணி திறப்புக்கோர்வையோடு மேலே வந்தா. எங்களைக் கண்டதும் முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது அவவின் முகம் மாறிப் போனது. கையைத் துவக்கு மாதிரிப் பிடித்து, காற்றில் ஒரு வட்டம் கீறி, அதன் நடுவில் விரலால் குத்திக் காட்டினா. பிறகு கைதட்டினா. பரிசு கொடுப்பது போல ஒரு கோப்பையையும் காட்டினா. ஊரார் சனிக்கிழமைகளில் இலக்கு வைத்துச் சுட்டுப் பழகுகிறார்கள் என்பது எங்களுக்குப் பிடிபட அரை மணித்தியாலம் ஆயிற்று. கீழே போய்த் தேத்தண்ணி குடித்தோம். சிரித்தோம். ஆனால் அன்று முழுவதும் ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் தோள்மூட்டுகள் தாங்களாகவே உயர்ந்து இறங்கின.

அந்த நாட்களில் எங்களுக்குக் காதைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. ஊரில் எங்கள் வீடு யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்து இரண்டு மைல். 1986இலும் 1987இலும் கோட்டைக்குள் இருந்த ஆமி மோட்டார் செல் அடிக்கும்போது முதலில் ஒரு குத்துச்சத்தம் வரும். உலக்கையால் ஈரமண்ணில் இடித்தது மாதிரி. செல் மேலே எழும்பிப் போய் வளைந்து விழுவதால் அதற்கு நேரம் எடுக்கும். சத்தம் நேராக வந்துவிடும். குத்துச்சத்தம் கேட்டபின் பத்து வரையாவது எண்ணலாம். அந்தப் பத்துக்குள் பிள்ளையைத் தூக்கி, கிழவியை இழுத்து, பங்கருக்குள் இறங்க வேண்டும். ஹெலியின் சத்தம் வேறு, பொம்பரின் சத்தம் வேறு. நித்திரையிலும் காது விழித்திருக்கும்.

வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு காதைப் பொத்திக் குப்புறப் படுக்கச் சொல்லித்தான் பெரியவர்கள் சொல்லுவார்கள். வாயைத் திறப்போம். காதைப் பொத்துவது கிடையாது. பொத்தினால் அடுத்த குத்துச்சத்தம் எப்படிக் கேட்பது? கிட்ட விழுந்த நாட்களில் இரண்டு மூன்று நாளைக்குக் காதுக்குள் சில்வண்டு கத்தும். பிறகு குறையும். உயிர் தப்பியவனுக்குக் காதுக்குள் கத்துகிற சில்வண்டு ஒரு முறைப்பாடே? அதை நாங்கள் ஒருவருக்கும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்த எவரும் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனதுமில்லை.

இந்தப் பெருமையைத்தான் நாங்கள் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் மகனுக்குக் கொடுத்தோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மகன் 1991இல் இங்கே பிறந்தவன். பாடசாலையில் படிக்கும்போதே சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்துவிட்டான். எங்களிடம் அப்போது இலங்கைக் கடவுச்சீட்டும் சி அனுமதியும். பிரஜையான ஆண்பிள்ளைக்கு இங்கே படைச்சேவை கட்டாயம். 2011 ஆடியில் ஒரு பச்சை மூட்டையோடு பயிற்சிப் பாசறைக்குப் போனான். சில கிழமைகளில் ஸ்ரூம்கவேர் 90 என்ற துவக்கோடு ரயிலில் வீட்டுக்கு வந்தான். ஒரு தமிழ்ப் பிள்ளை தோளில் துவக்கைக் கொழுவிக்கொண்டு ரயில் நிலையத்தில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு கிழவி பத்திரிகை வாசித்துக்கொண்டு இருக்கிறா. எங்களுக்கு அதைப் பார்த்து என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. துவக்கை எங்கள் படுக்கையறை அலுமாரிக்குள், குளிர்கால உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 2008ஆம் ஆண்டின் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு சில நாட்டுப் பிரஜைகள் துவக்கு வாங்குவதையும் வைத்திருப்பதையும் அதனால் சுடுவதையும் தடைசெய்தது. சேர்பியா, பொஸ்னியா, துருக்கி, அல்பேனியா என்ற வரிசையில் இலங்கையின் பெயரும் இருந்தது. ஆக, ஒரே வீட்டுக்குள் மகன் சுடாவிட்டால் குற்றம், நாங்கள் சுட்டால் குற்றம். ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்து இதைப் பற்றிச் சிரித்திருக்கிறோம்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை வந்தவன் சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சரித்தபடி இருந்தான். என்ன என்று கேட்டோம்.

“இடது காதுக்குள்ள கூவுதம்மா. வியாழக்கிழமை ராத்திரிப் பயிற்சி. கோப்ரல் என்னவோ கத்தினார், விளங்கேல்லை. கேப்பம் எண்டு அந்தப் பக்கத்து அடைப்பைக் கழட்டினன். அந்த நேரம் பார்த்து இடப்பக்கம் கிடந்தவன் சுட்டுப்போட்டான்.”

“தோட்டாவோ?”

“இல்லை. வெத்துவேட்டு.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். அதை மறைத்து எழுத முடியாது. ஒருவர் சொன்னார்: “வெத்துவேட்டுக்கே? எங்கட வளவுக்குள்ள செல் விழுந்து பலாமரம் ரண்டாப் பிளந்தது தெரியுமே?” மற்றவர் சொன்னா: “ரண்டு நாளிலை போயிடும் தம்பி. எங்களுக்கெல்லாம் போகேல்லையே.” பிறகு உள்ளியைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் மூன்று துளி அந்தக் காதுக்குள் விட்டோம். ஊரில் எங்களுக்கு விட்ட அதே மருந்து. அவன் பேசாமல் கிடந்தான். ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போனான். அங்கேயும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் வெட்கம் என்று நினைத்திருக்கிறான். அந்த வெட்கத்தை அவனுக்குப் படிப்பித்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்த வியாழக்கிழமைதான் பாசறை வைத்தியரிடம் போனான். அவர் அன்றே காதுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். நாங்களும் போனோம். அந்தப் பெண் டொக்டர் முதலில் கேட்டது, ஏன் ஒரு கிழமை பொறுத்தீர்கள் என்று. இரண்டாவதாகக் கேட்டது, காதுக்குள் இந்த எண்ணெய் எப்படி வந்தது என்று. செவிப்பறை கிழிந்திருந்தால் இந்த எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடித்திருக்கும் என்றா. நல்லகாலம், கிழியவில்லை. கோர்ட்டிசோன் மாத்திரை கொடுத்தா. “இந்த மருந்து சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. உதவுவதென்றால் முதல் ஓரிரு நாளுக்குள் தொடங்க வேண்டும். நீங்கள் முதல்நாளே வந்திருந்தால் முழுக்கத் திரும்பியிருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன்.” எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னாவா, உண்மையாகச் சொன்னாவா என்று அப்போது தெரியவில்லை. பிறகு வாசித்துப் பார்த்தபோது உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறா.

மகனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இடது காதுக்குள் அந்தக் கூவல் இன்னும் இருக்கிறது. பகலில் மறந்துவிடுவானாம். இரவில் வீடு அடங்கியபின் அது வருமாம். கோடையோ குளிரோ, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டுத்தான் படுப்பான். அந்தச் சத்தம் இருந்தால் மற்றது கொஞ்சம் மறைந்து கிடக்கும் என்கிறான். அவன் வீட்டில் நாங்கள் தங்குகிற இரவுகளில் சுவருக்கு அப்பால் அந்த விசிறியின் ஓசை எங்களுக்குக் கேட்கும். எங்களுக்கு நித்திரை வராது.

அன்று டொக்டர் ஒரு வெள்ளைத்தாளில் நத்தை ஓடு மாதிரிக் கீறி எங்களுக்கு விளங்கப்படுத்தினா. உட்காதில் இருக்கிற அந்த நத்தை ஓட்டுக்குள் ஏறக்குறைய பதினையாயிரம் மயிர்க்கலங்கள். வயல் நெற்பயிர் காற்றுக்கு அசைவது போல அவை ஒலிக்கு அசைகின்றன. பலமான சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும். மெல்லச் சாய்ந்தது நிமிரும். அடியோடு முறிந்தது நிமிராது. அந்த இடத்தில் புதிது முளைக்காது. பறவைகளில் முளைக்கிறது என்று 1988இல் கண்டுபிடித்தார்கள். கோழிக் குஞ்சுக்குக் கிடைத்த வரம் மனிசனுக்குக் கிடைக்கவில்லை.

கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்கு அப்படி ஒன்று இல்லை. நடுக்காதில் ஒரு சின்னத் தசை இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் அது எலும்புகளை இறுக்கிப் பிடித்து உள்ளே போவதைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு வினாடியில் நூறில் சில பங்காவது வேண்டும். துவக்கு வெடியின் உச்சம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடும். தசை இறுகும்போது கள்ளன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

எண்களையும் அன்றுதான் கேட்டோம். சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். மூன்று டெசிபல் கூடினால் அதன் சக்தி இரண்டு மடங்கு. தொழிற்சாலையில் நாள் முழுக்க எட்டு மணித்தியாலம் நிற்கலாம் என்பது 85. வெடி போன்ற திடீர்ச் சத்தத்துக்கு, பெரியவர்களின் காது 140க்கு மேல் ஒருமுறைகூடக் கேட்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்தது 120. முயல் அடிக்கிற சின்ன இருபத்திரண்டுத் துவக்கே அந்த 140ஐத் தொடும். படைத் துவக்கு சுடுபவரின் காதடியில் 160 அளவில் போகும். வெத்துவேட்டில் குண்டு மட்டும்தான் இல்லை, வாயு வெடித்து வெளியேறுகிற சத்தம் இருக்கிறது. நாங்கள் சிரித்த சத்தம் அதுதான்.

வெளிக்கிடும்போது அந்த டொக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்து, “உங்கள் இருவருக்கும் எப்போதாவது காது சோதித்தார்களா?” என்று கேட்டா. நாங்கள் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்க வைத்ததைக் கவனித்திருக்கிறா. பத்து நாளில் நேரம் தந்தா. சத்தம் புகாத கூட்டுக்குள் இருந்து, கீச்சென்று ஒன்று கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். கேட்டதா, நினைப்பா என்று தெரியாமல் அமத்திய இடங்களும் உண்டு. இருவருக்கும் இரண்டு தாள் வந்தன. கோடு நேராக வந்து, நாலாயிரம் ஹேர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கீழே போய், பிறகு கொஞ்சம் மேலே ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது.

“சுட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டா.

“நாங்கள் சுடவில்லை. எங்களுக்குத்தான் சுட்டார்கள்.”

அவ எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு வேலை என்ன என்று கேட்டா. ஒருவர் இருபது வருடம் உணவகச் சமையலறையில், மற்றவர் சலவைச்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில். எந்தச் சத்தம் எவ்வளவை எடுத்தது என்று இந்தக் கோட்டில் பிரித்துப் பார்க்க முடியாது என்றா. கோட்டை எவ்வளவு, சட்டி பானை எவ்வளவு, சலவை இயந்திரம் எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. “எங்களுக்கெல்லாம் போகேல்லையே” என்று மகனுக்குச் சொன்னது பொய். எங்களுக்குப் போகவில்லை. கூவல் நின்றது, அவ்வளவுதான்.

2009இல் பொஸ்ரனில் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். அந்த ஆண்டு எங்களுக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாதது. பலத்த சத்தம் கேட்ட எலியின் காது சில நாட்களில் திரும்பிவிடுகிறது. சோதித்தால் எல்லாம் சரி. ஆனால் மயிர்க்கலத்தில் இருந்து மூளைக்குப் போகிற நரம்பு இணைப்புகளில் பாதியளவு அறுந்துபோய்க் கிடந்தன, அவை திரும்பவில்லை. திரும்பிவிட்டது என்று நினைத்த காதிலும் இழப்பு இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அமைதியான அறையில் கேட்கும், பத்துப் பேர் கதைக்கும் இடத்தில் விளங்காது.

எங்களுக்கு அப்படித்தான். கேட்கிறது, விளங்கவில்லை. உயிரெழுத்துகள் தடித்தவை, அவை வந்து சேரும். ச, த, க என்ற மெல்லிய மூச்சுகள் வழியில் விழுந்துவிடும். கதை என்றாலும் சதை என்றாலும் ‘அதை’ என்றே காதில் விழும். ஊரில் இருந்து அக்கா ரெலிபோனில் கதைத்தால் குரல் வருகிறது, செய்தி வருவதில்லை. ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு இரண்டு பேரும் இருந்து அவ என்ன சொல்லியிருப்பா என்று யோசிப்போம். ஒருமுறை செத்த வீட்டுச் செய்திக்கு ‘நல்லது, நல்லது’ என்று சொல்லியிருக்கிறோம். பேரப்பிள்ளையின் குரல் மெல்லியது, உச்சத்தில் வருவது. அவளுக்கு நாலு வயது. நாங்கள் இரண்டாம் தரமும் விளங்காமல் முழித்தால், “ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்த ‘ஒண்டுமில்லை’ மட்டும் எங்களுக்கு வடிவாகக் கேட்கும்.

2014 ஒகஸ்ற்றில் மகன் எங்களைத் தன்னோடு சூட்டுக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். துவக்கு வைத்திருக்கும் படைவீரன் ஒவ்வொரு ஆண்டும் ஒகஸ்ற் 31க்கு முன் முந்நூறு மீற்றரில் இருபது தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். மொத்தம் 85 புள்ளி. 42 எடுத்தால் போதும். தோட்டா அங்கேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாங்கள் போக விரும்பவில்லை. “ஒருக்கா வாங்கோ, காதை எப்பிடிப் பாக்கிறம் எண்டு காட்டிறன்” என்றான். அவன் கூப்பிட்டது எதற்காக என்று எங்களுக்கு விளங்கியது. போனோம்.

வாசலில் நின்ற வயதானவர் எங்கள் பெயரைக் கேட்பதற்கு முதல் இரண்டு காதுமூடிகளை நீட்டினார். இங்கே அதைப் ‘பமீர்’ என்பார்கள். மூடி இல்லாமல் உள்ளே ஒருவரும் காலடி வைக்கக் கூடாது. சுடுபவர், புள்ளி எழுதுபவர், பார்க்க வந்தவர் எல்லோருக்கும் ஒரே விதி. மகன் முதலில் நுரையடைப்பை எடுத்தான். விரல்களுக்கு நடுவில் உருட்டி நூல்போல மெல்லிதாக்கினான். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தான். காதுக்குழாய் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும். உள்ளே வைத்து, நுரை திரும்ப விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொண்டான். “கதைச்சுப் பாருங்கோ” என்றான். கதைத்தோம். எங்கள் குரல் பானைக்குள் இருந்து வருவது மாதிரி எங்களுக்கே கனத்துக் கேட்டது. அப்படிக் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது காதில் வைத்த அலங்காரம்.

அதற்கு மேலால் பமீர். எங்களில் ஒருவரின் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைக் காதோடு ஒட்டச் சரிசெய்தான், மற்றவரின் தலைமயிரை மூடிக்குள் போகாமல் ஒதுக்கினான். ஒரு மயிர்க்கற்றை அளவு இடைவெளி இருந்தாலும் சத்தம் அதுக்குள்ளால் வரும். அடைப்பு முப்பது குறைக்கும், மூடி இருபத்தைந்து குறைக்கும் என்றால் இரண்டும் சேர்ந்து ஐம்பத்தைந்து குறைக்காது. நல்லதாக இருப்பதை விட ஐந்து டெசிபல் அளவில்தான் கூடும், ஏனென்றால் மிச்சச் சத்தம் மண்டையோட்டால் உள்ளே போகிறது. ஆனாலும் கூரைபோட்ட களத்தில், சுவரிலும் முகட்டிலும் பட்டுத் திரும்புகிற வெடிக்கு அந்த ஐந்தும் வேண்டும். பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்டோம். பஞ்சு அழுக்குக்குத்தான் நல்லது என்றான்.

முதல் வெடி கேட்டபோது எங்கள் தோள்மூட்டு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் உயர்ந்தது. ஆனால் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து தட்டியதே தவிரக் காதுக்குள் வரவில்லை. மகன் வலக்கைக்காரன். துவக்கில் கன்னம் வைக்கும்போது வலது காது தலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. வலக்கைக்காரர் சுட்டுச் சுட்டு முதலில் கெடுவது இடது காதுதான். அவனுக்கு ஏற்கனவே கெட்டது அது. வரிசையில் கிடந்த பதினைந்து பேரில் ஒருவர் மூடியை உயர்த்திப் பக்கத்தவரோடு கதைக்கப் போனார். புள்ளி எழுதியவர் ஓடிவந்து தோளில் தட்டி, சூடு முழுவதையும் நிற்பாட்டச் சொல்லி, மூடி திரும்பக் காதில் ஏறியபின்தான் தொடர விட்டார். ஒரு மனிதனின் ஒரு காதுக்காகப் பதினைந்து துவக்குகள் பொறுத்து நின்றதை அன்றுதான் எங்கள் வாழ்க்கையில் கண்டோம்.

திரும்பி வரும்போது எங்களுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவுதானா? இரண்டு நுரைத்துண்டும் ஒரு பிளாஸ்ரிக் மூடியும். சுடுபவனுக்கு இருக்கிறது. சுடப்பட்ட ஊருக்கு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் நாங்கள் போட்டிருக்க மாட்டோம், குத்துச்சத்தம் கேட்க வேண்டுமே. மகனும் கோப்ரலின் கட்டளையைக் கேட்கத்தான் அடைப்பைக் கழற்றினான். காது கெட்டவர்களில் கனபேருடைய கதை இதுவாகத்தான் இருக்கும். கவனமில்லாதவர்களை விட, கேட்க விரும்பியவர்கள். இப்போது மெல்லிய பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் மறிக்கிற மின்மூடிகள் கடைகளில் இருக்கின்றன. கதைக்க வேண்டிய இடத்தில் அதைத்தான் போட வேண்டும்.

துவக்குச் செய்பவனையும் துவக்கு விட்டுவைக்கவில்லை. 1884இல் தானாகச் சுடும் இயந்திரத் துவக்கைச் செய்தவர் ஹைரம் மக்சிம். வெள்ளைக்காரன் ஆபிரிக்காவில் சனத்தைக் கும்பல் கும்பலாகச் சுட்டு விழுத்தியது அதனால்தான். பிரித்தானிய முடி அவருக்குச் சேர் பட்டம் கொடுத்தது. தன்னுடைய துவக்குகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவர் செவிடாகிப் போனார். 1909இல் துவக்கின் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்குக் காப்புரிமை எடுத்தது அவருடைய மகன். எங்கள் வீட்டுக் கதையின் சாயல் அதில் இருக்கிறது என்று மகன் பகிடியாகச் சொல்லுவான். அமெரிக்காவில் படைவீரர்கள் பல லட்சம் பேர், தங்களுக்குக் கொடுத்த காதடைப்பு சரியாக இறுகவில்லை என்று வழக்குப் போட்டு, 2023 ஒகஸ்ற்றில் 3எம் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆறு பில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. பிழையாக நிற்கிற அடைப்பின் விலை அது. கோட்டையைச் சுற்றி இருந்த காதுகளை எவர் எண்ணினார்கள் என்று அந்தச் செய்தியை வாசித்தபோது நாங்கள் கேட்டுக்கொண்டோம். பெறுமதியைக் கேட்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டோம்.

எங்கள் சினேகிதர்களின் பிள்ளைகளுக்கும் படைக் கடிதம் வருகிறது. சிலர் வேட்டைக்குப் பழகுகிறார்கள், பெண்பிள்ளைகளும் சூட்டுக் கழகங்களுக்குப் போகிறார்கள். கடிதம் வந்த வீட்டில் இருந்து ரெலிபோன் வந்தால் நாங்கள் இப்போது இதைத்தான் சொல்லுகிறோம். அடைப்பு, அதற்கு மேல் மூடி. முதல் வெடிக்கு முதல் போட்டு, கடைசித் துவக்கும் அடங்கியபின் கழற்ற வேண்டும். விளங்காவிட்டால் கழற்றாமல் கையைத் தூக்கட்டும். கூவல் வந்தால் அன்றே சொல்லட்டும், எழுத்தில் பதியட்டும். படைச்சேவையில் வந்த நோவுக்கு இராணுவக் காப்புறுதி இருக்கிறது, ஆனால் சொல்லாத நோவை அது பார்க்காது. அடுத்த நாளும் கூவினால் காது வைத்தியரிடம் போகட்டும். காதுக்குள் எண்ணெய் விடவேண்டாம்.

மறுபக்கத்தில் அநேகமாக ஒரு சிரிப்புக் கேட்கும். “நாங்கள் கேக்காத வெடியே?” என்பார்கள். அந்த வசனம் எங்களுக்கு ஒரு எழுத்தும் விழாமல் கேட்கும். நாங்கள் சிரிப்பதில்லை. பிள்ளையிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொல்லி, முழுவதையும் முதலில் இருந்து அவனுக்குச் சொல்லுகிறோம்.